கொல்லிமலையில் ஓர் உழவர் ஊரைப் பார்த்து வர: முழுமையான வழிகாட்டி

கொல்லிமலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் மூன்று விஷயத்துக்காகப் போகிறார்கள்: 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆகாய கங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில். காலையில் ஏறி, அருவியில் குளித்து, சாமி கும்பிட்டு, பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுகிறார்கள். மூன்றும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் அந்த மலையின் பெரிய சொத்து தார்ச்சாலையை விட்டு உள்ளே தள்ளி, சாமைக்காட்டிலும் மிளகுக்கொடியிலும் களத்துமேட்டிலும் இருக்கிறது. சாலையோரம் நின்று பார்த்தால் அது கண்ணில் படாது. ஓர் ஊரில் ஓர் இரவாவது தங்கி, காலையில் காட்டுக்குப் போகிறவர்களோடு நடந்தால்தான் தெரியும். அப்படிப் போக நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் மலையின் அமைப்பு

கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது. மேலே ஏறியதும் கூரிய சிகரம் எதுவும் இல்லை. 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் மேடும் பள்ளமுமாக விரிந்து கிடக்கும் நிலம். பள்ளத்தில் நெல் வயல், சரிவில் சாமையும் மரவள்ளியும், மேட்டில் மரநிழலில் காபியும் மிளகும். தண்ணீர் எங்கே தேங்கும், எங்கே வழியும் என்று பார்த்துப் பார்த்து வகுத்த அமைப்பு இது. ஓர் இடத்தில் நின்று மேலிருந்து கீழாகக் கண்ணை ஓட்டினாலே பாதி விவசாயம் புரிந்துவிடும்.

மலை முழுக்க ஒரே ஊர் என்று நினைத்துப் போகாதீர்கள். வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு, குண்டூர் நாடு, வாழவந்தி நாடு என்று 'நாடு' நாடாகப் பிரிந்த மலை இது. இன்றைய ஊராட்சிகளும் இந்தப் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. ஒவ்வொரு நாட்டிலும் சிறு சிறு ஊர்கள் சிதறிக் கிடக்கும். 'பட்டி' என்று முடியும் பெயர்கள் நிறைய. செம்மேடுதான் தாலுகா தலைநகரம். அரசு அலுவலகங்களும் கடைகளும் பேருந்து நிலையமும் அங்கே. நீங்கள் தேடுகிற அமைதி அங்கே கிடைக்காது. செம்மேட்டைத் தாண்டித்தான் ஆரம்பிக்கும்.

இங்கே வாழ்கிறவர்கள் மலையாளி என்ற பழங்குடி மக்கள். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகள் மூன்று பேர் வந்து ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள், அவர்கள் வழிவந்தவர்கள்தான் நாங்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. சேர்வராயன் மலையிலும் பச்சைமலையிலும் இருக்கிற மலையாளி மக்களிடம் கேட்டாலும் இதே கதையைத்தான் சொல்வார்கள். ஆட்களைக் கவுண்டர் என்று அழைப்பது வழக்கம். இதை வைத்துக் கீழ்நாட்டுக் கொங்குக் கவுண்டர்களோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எந்த மாதம் போவது

என்ன பார்க்க ஆசையோ அதை வைத்து மாதத்தை முடிவு செய்யுங்கள். சாமை பச்சைப் பசேலென்று சரிவில் ஆடுவதைப் பார்க்க ஆடி, ஆவணி. புரட்டாசி, ஐப்பசியில் குறுகிய கால ரகங்கள் அறுப்புக்கு வரும். நீண்ட கால ரகங்கள் கார்த்திகை, மார்கழி வரை நிற்கும். காபிப்பழம் பறிப்பது கார்த்திகைக்கு மேல் தை வரை. மிளகு தையில் தொடங்கிப் பங்குனி வரை. பலாப்பழத்துக்கு ஆனி, ஆடி.

என்னைக் கேட்டால் புரட்டாசிக் கடைசி அல்லது தை மாதத்தைச் சொல்வேன். புரட்டாசியில் அறுப்பும் களத்து வேலையும் பார்க்கலாம். தையில் பனி விலகும் நேரத்தில் களமெல்லாம் காபியும் மிளகும் காயும், பொங்கலும் வரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மண் பாதைகள் சேறாகிவிடும், அருவிக்கும் விடமாட்டார்கள்.

ஆடி 17, 18 வேறு கணக்கு. ஆடிப்பெருக்கையொட்டி அறப்பளீஸ்வரர் கோயிலில் பெருங்கூட்டம். அதே நாட்களில் செம்மேட்டில் அரசு நடத்தும் வல்வில் ஓரி விழாவும் உண்டு. கீழே துறையூர்ப் பக்கத்துப் புளியஞ்சோலையிலிருந்து காட்டு வழியே நடந்து ஏறி வரும் பக்தர்கள் இன்றும் இருக்கிறார்கள். நோம்பி பார்க்க வேண்டுமென்றால் அப்போது போங்கள். அமைதியான ஊர் பார்க்க வேண்டுமென்றால் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். மலையில் வண்டி நிறுத்த இடம் இருக்காது.

ஏறும் வழி

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி. அதுதான் அடிவாரம். அங்கிருந்து சோளக்காடு போய்ச் சேரும் மலைப்பாதையில்தான் அந்த 70 வளைவுகளும். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கும். நாமக்கல்லிலிருந்து செம்மேடு ஏறக்குறைய 55 கி.மீ. தூரத்தைப் பார்த்து ஒரு மணி நேரத்தில் போய்விடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்குங்கள். ராசிபுரம் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு சாலை இருக்கிறது. வளைவுக்குப் பயந்தவர்கள் அந்த வழியை விசாரித்துக்கொண்டு வரலாம்.

நாமக்கல், ராசிபுரம், சேலத்திலிருந்து அரசுப் பேருந்து ஓடுகிறது. என் விருப்பம் பேருந்துதான். மலை ஓட்டுநர்கள் அந்த வளைவுகளில் ஸ்டீயரிங் ஒடிக்கும் நேர்த்தியை முன்சீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மூட்டையோடு ஏறும் ஊர்க்காரர்களோடு பேச்சுக் கொடுக்கவும் வாய்ப்புக் கிடைக்கும். தலைசுற்றலுக்கு மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டியவர்கள் காரவள்ளிக்கு அரை மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். வயிற்றை நிரப்பிக்கொண்டு ஏறாதீர்கள்.

சொந்த வண்டியில் வருகிறவர்களுக்குச் சில சொற்கள். மலைப்பாதையில் மேலே ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்குகிறவர் நின்று விட வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடியுங்கள். பேருந்தோ மரவள்ளி லாரியோ எதிரில் வந்தால் வளைவுக்கு முன்பே ஒதுங்கி நில்லுங்கள், வளைவின் நடுவில் மாட்டிக்கொள்ளாதீர்கள். எரிபொருளைச் சேந்தமங்கலத்திலேயே நிரப்பிவிடுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் ஏறுவது வேண்டாம். மூடுபனி இறங்கினால் பத்தடி தூரம்கூடத் தெரியாது.

பிளாஸ்டிக் பைகளையும் மது பாட்டில்களையும் கீழேயே விட்டுவிடுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. மலைக்கு அது இன்னும் முக்கியம். இங்கே வீசும் ஒவ்வொரு கவரும் மழையில் ஓடையில் இறங்கி அய்யாற்றுக்குத்தான் போய்ச் சேரும்.

எங்கே தங்குவது, எத்தனை நாள்

இரண்டு இரவு தங்குங்கள். ஒரு நாள் ஊருக்கு, ஒரு நாள் கோயிலுக்கும் ஆற்றுக்கும். செம்மேடு, சோளக்காடு, அறப்பளீஸ்வரர் கோயில் சாலையில் விடுதிகள் இருக்கின்றன. தோட்டத்து வீடுகளில் அறை கொடுக்கிறவர்களும் உண்டு. அறை பிடிக்கும்போது ஒன்றே ஒன்று கேளுங்கள்: "காட்டைச் சுத்திக் காட்ட ஊர்க்காரர் யாராச்சும் வருவாங்களா?" நீச்சல் குளம் இருக்கிறதா என்று கேட்பதைவிட இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் உங்கள் பயணத்தைத் தீர்மானிக்கும். கூட வருகிறவருக்கு ஒரு நாள் கூலியைப் பேசி முடித்து, சொன்னபடி கொடுத்துவிடுங்கள். அவர் அன்றைய காட்டு வேலையை விட்டுவிட்டு வருகிறார்.

கையில் ரொக்கம் வையுங்கள். சிக்னல் பல இடங்களில் எடுக்காது. போனில் பணம் அனுப்பிக்கொள்ளலாம் என்று நம்பிப் போய் ஒரு தார் வாழைப்பழத்துக்கு முன்னால் திணற வேண்டாம். சட்டைக்கு மேல் போட ஒரு ஸ்வெட்டர், மழைக்கோட்டு, பிடிமானமுள்ள செருப்பு அல்லது ஷூ, டார்ச். மழைக்காலமென்றால் அட்டைக்கு உப்பு. அவ்வளவுதான்.

ஊருக்குள் போகும் முறை

வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு நடந்து உள்ளே போங்கள். முதலில் கண்ணில் படும் பெரியவரிடம் நின்று, "வணக்கமுங்க, ஊரைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தமுங்க" என்று சொல்லுங்கள். "எந்த ஊருங்க?" என்பது அடுத்த கேள்வியாக வரும். ஊர்ப் பெயரைச் சொன்னதும், அங்கே கட்டிக்கொடுத்த பெண்ணையோ, மரவள்ளி லாரியில் போய் வந்ததையோ நினைவுபடுத்திப் பேச்சை அவரே நடத்துவார். வயதான அம்மாக்களை ஆயா என்றோ அம்மா என்றோ கூப்பிடலாம். நடுவயதினரை அண்ணா, அக்கா. 'ங்க' போட்டுப் பேசுங்கள். கொங்கு மண்ணில் அது இல்லாத பேச்சு காதில் ஒட்டாது.

போட்டோ எடுப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள். களத்தில் தானியம் கிடக்கும்போது செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள். ஊர்க்கோயில் முன்னாலும் அப்படித்தான். சில கோயில்களில் உள்ளே விடுவது யாரை, எந்த நாளில் என்பதற்குத் தனி முறை இருக்கும், அதைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள். குழந்தைகளுக்குச் சாக்லேட் அள்ளிக் கொடுத்துப் பழக்காதீர்கள். வரப்பில் நடக்கும்போது பயிரை மிதிக்காமல் ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். கைக்கெட்டும் மிளகுச் சரத்தைக் கிள்ளிப் பார்க்கிற பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அது ஒரு குடும்பத்தின் வருஷத்து வருமானம், தொடாதீர்கள்.

காலை ஏழு மணிக்குள் ஊருக்குள் இருந்தால் நல்லது. ஒன்பது மணிக்கு மேல் எல்லோரும் காட்டில் இருப்பார்கள். ஊர் வெறிச்சென்று கிடக்கும்.

சாமைக்காட்டில் நின்று பார்க்க வேண்டியவை

இந்தப் பகுதிக்கு நேரத்தைத் தாராளமாகக் கொடுங்கள். கொல்லிமலையின் பாரம்பரியத்துக்கு நடுநாயகம் சாமைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு என்று மலையில் பல சிறுதானியங்கள் விளைந்தாலும் சோற்றுக்கு முதல் தானியம் சாமை. அதிலும் ஒரே சாமை இல்லை. பெருஞ்சாமை, மல்லியசாமை, கட்டவெட்டிச்சாமை, திரிகுலாசாமை, சடஞ்சாமை என்று ரகங்கள் இருக்கின்றன. ஒன்று சீக்கிரம் அறுப்புக்கு வரும். ஒன்று நின்று நிதானமாக விளையும். ஒன்று கல்லாங்காட்டிலும் பிடிக்கும். ஒன்றுக்குக் கொஞ்சம் வளமான மண் வேண்டும். எந்த மழைக்கு, எந்தச் சரிவுக்கு எது என்பது காட்டுக்காரர்களுக்கு அத்துப்படி. மழை முன்பின் போனாலும் ஒரு ரகமாவது வீடு வந்து சேரும் என்பதற்கான ஏற்பாடு இது.

வைகாசி, ஆனி மழைக்கு உழுது விதைக்கிறார்கள். பாசனம் கிடையாது, மழையை நம்பிய மானாவாரி. சாமைக்கு நடுவே துவரை, ஆமணக்கு, கடுகு என்று கலந்து போட்டிருப்பதைக் கவனியுங்கள். சாமை அறுத்த பிறகும் துவரை நிற்கும். மண்ணும் வெறுமையாகக் கிடக்காது. காட்டுக்காரரிடம் "இதுல எத்தனை வெள்ளாமை இருக்குதுங்க?" என்று கேட்டால் ஒவ்வொரு செடியாகத் தொட்டுக் காட்டுவார்.

அறுத்த தட்டைக் கட்டிக் களத்துக்குக் கொண்டுவந்து, அடுக்கி வைத்து, பிறகு மாடு கட்டித் தாம்பு ஓட்டியோ கால்களால் மிதித்தோ மணியைப் பிரிக்கிறார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து முறத்தைத் தலைக்கு மேல் தூக்கித் தூற்றும்போது பதர் ஒரு பக்கம் பறக்கும், மணி நேரே காலடியில் விழும். அடுத்தது விதை எடுப்பது. இதைப் பெரும்பாலும் பெண்கள்தான் செய்கிறார்கள். நன்றாகத் திரண்ட கதிராகப் பார்த்துத் தனியே எடுத்து, காயவைத்து, சாம்பலோ வேப்பிலையோ கலந்து வைப்பார்கள். தானியம் சேமிக்கத் தொம்பை என்று ஒன்று உண்டு. மூங்கிலும் குச்சியும் பின்னி, மண்ணும் சாணமும் பூசி, தரையிலிருந்து உயர்த்தி நிறுத்திய குதிர். ஈரமும் எலியும் அண்டாது. இப்போது எல்லா வீட்டிலும் தொம்பை இல்லை; சாக்கு மூட்டைகள் வந்துவிட்டன. எந்த ஊரில் ஒன்றாவது மிச்சம் இருக்கிறது என்று விசாரித்துப் போய்ப் பாருங்கள்.

சாமை ஏன் குறைந்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். சாமையின் உமி லேசில் பிரியாது. உரலில் போட்டு இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போட்டால்தான் ஒரு வேளைச் சோற்றுக்கு அரிசி தேறும். காடு, மாடு, பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்து அந்த வேலையையும் பார்க்க வேண்டும். இன்னொரு பக்கம் சாலை வந்தது, ரேஷன் அரிசி வந்தது. சேலம், நாமக்கல் பக்கத்துச் சேகோ ஆலைகள் மரவள்ளிக் கிழங்குக்குக் கையில் காசு கொடுத்தன. ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் ஆகிற கிழங்கு அது. சரிவுகளில் சாமை இருந்த இடத்தில் மரவள்ளி ஏறியது இப்படித்தான். இதற்காக மலைமக்களைக் குறை சொல்வது நியாயமில்லை. பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு மரவள்ளி கொடுத்த காசைச் சாமை கொடுக்கவில்லை.

1990களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே இந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டு வேலை செய்தது. விதைகளைச் சேகரித்து ஊர் விதை வங்கிகள் அமைத்தார்கள். உமி நீக்கும் எந்திரங்களைக் கிராமங்களுக்கே கொண்டுவந்தார்கள். சிறுதானியத்தை மாவாகவும் அரிசியாகவும் விற்கப் பெண்கள் குழுக்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். உலக்கை வேலை குறைந்தால்தான் சாமை பிழைக்கும் என்று கண்டுபிடித்ததுதான் இதில் முக்கியமானது. அரவை எந்திரம் ஓடுகிற ஊருக்குப் போக வாய்த்தால் சிறிது நேரம் நின்று பாருங்கள்.

மிளகு, காபி, பலா

தோட்டங்களில் நெடுநெடுவென்று நிற்பது சில்வர் ஓக். அதில் ஏறியிருப்பது மிளகுக்கொடி. கீழே நிழலில் காபி. ஒரே நிலத்தில் மூன்று அடுக்கு.

மிளகுச் சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்ததும் சரத்தையே பறித்துவிடுவார்கள். எல்லாம் சிவக்கும்வரை விட்டால் குருவி கொண்டுபோய்விடும், உதிர்ந்தும் போகும். மூங்கில் ஏணியை மரத்தில் சாய்த்து, இடுப்பில் கட்டிய பையோடு ஏறிப் பறிக்கிறார்கள். உதிர்த்த பச்சை மிளகை வெயிலில் காயவைத்தால் சில நாளில் தோல் சுருங்கிக் கறுத்துவிடும். 100 கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஏறக்குறைய 33 கிலோதான் நிற்கும். களத்தில் ஒரு கைப்பிடி அள்ளி மோந்து பார்க்கச் சொல்வார்கள். நன்றாகக் காய்ந்த மிளகு கையில் கலகலக்கும்.

காபிக்குப் பங்குனி, சித்திரையில் வரும் முதல் மழை முக்கியம். அந்த மழைக்குத்தான் பூக்கும். மழை தள்ளிப்போனால் அந்த வருஷத்துக் காப்பு குறையும்.

பலாப்பழம் ஆனி, ஆடியில் சாலையோரம் குவிந்து கிடக்கும். முள் விரிந்து மழுங்கியிருக்க வேண்டும், தட்டினால் மந்தமாகக் கேட்க வேண்டும், காம்பருகே வாசம் வர வேண்டும். மலைப் பலாவின் சுளைக்குத் தனி இனிப்பு உண்டு. அன்னாசியும் மலைவாழையும் அந்தந்தப் பருவத்தில் சோளக்காடு சந்தைக்கு வந்துவிடும். வியாபாரிகள் அதிகாலையிலேயே வாங்கி ஏற்றிவிடுவார்கள். சந்தையைப் பார்க்க வெயில் ஏறுவதற்குள் போங்கள்.

அறப்பளீஸ்வரர், அய்யாறு, ஆகாய கங்கை

செம்மேட்டிலிருந்து ஏறக்குறைய 15 கி.மீ. தள்ளி வளப்பூர் நாட்டில், பெரியகோவிலூரில் அறப்பளீஸ்வரர் கோயில். அம்மன் அறம்வளர்த்த நாயகி. இந்த இறைவன் மீது அம்பலவாணக் கவிராயர் பாடியதுதான் அறப்பளீசுர சதகம். அதில் இந்த மலையின் பெயர் சதுரகிரி.

உழவர் ஊரைப் பார்க்க வந்தவர்கள் இந்தக் கோயிலின் தலபுராணத்தைக் கட்டாயம் கேட்க வேண்டும். நிலத்தை உழுதுகொண்டிருந்தபோது கலப்பையின் கொழு எதிலோ இடித்தது. தோண்டிப் பார்த்தால் சிவலிங்கம், உச்சியில் ரத்தம் கசிந்தது என்பது கதை. அந்தத் தழும்பு லிங்கத்தில் இன்றும் இருப்பதாகச் சொல்லிக் காட்டுவார்கள். ஏர் ஓட்டும்போது கிடைத்த சாமி என்பதால் மலை உழவர்களுக்கு அவர் மீது தனி உரிமை.

கோயிலையொட்டி அய்யாறு ஓடுகிறது. பிடித்து அறுத்துச் சமைத்த மீன்களை மறுபடி பொருத்தி உயிர் கொடுத்து ஆற்றில் விட்டார் இறைவன் என்பது இன்னொரு கதை. அதனால் இங்கே மீன் பிடிக்க மாட்டார்கள். ஆற்று மீன்களுக்குப் பொரியும் உணவும் போட்டு வணங்கிவிட்டுத்தான் சாமியிடம் போவார்கள். கரையில் நின்றால் மீன்கள் பயமில்லாமல் காலடிவரை வருவதைப் பார்க்கலாம். பிஸ்கட், சிப்ஸ் எல்லாம் போட்டு ஆற்றைக் கெடுக்காதீர்கள்.

அதே அய்யாறு கோயிலைத் தாண்டிப் போய் ஏறக்குறைய 300 அடி விழுவதுதான் ஆகாய கங்கை. 1,000-க்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும், செங்குத்தான படிகள். இறங்குவது சுலபம்; ஏறும்போதுதான் முழங்கால் பேசும். மூட்டுவலி, இருதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கோயிலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. காலையிலேயே இறங்கிவிடுங்கள், தண்ணீர் கூடினாலும் பொழுது போனாலும் வனத்துறையினர் விடமாட்டார்கள், அவர்களோடு வாதாடாதீர்கள். குரங்குகள் கையில் இருப்பதைப் பிடுங்கும், பையை மூடி வையுங்கள்.

திரும்பும் வழியில் எட்டுக்கை அம்மன் கோயிலுக்கும் போகலாம். கொல்லிப்பாவை என்று மக்கள் வணங்குவது இந்த அம்மனைத்தான். சங்கப் புலவர்கள் பலர் தெய்வம் செய்த பாவையென்று கொல்லிப்பாவையின் அழகைப் பாடியிருக்கிறார்கள்.

ஓரியின் மலை

செம்மேட்டில் குதிரை மேல் இருக்கும் வல்வில் ஓரியின் சிலையை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். கடையெழு வள்ளல்களில் ஒருவன், இந்த மலையை ஆண்டவன். புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் வன்பரணர் அவனுடைய வேட்டையைச் சொல்கிறார்: ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது. அந்தப் பாட்டில் எனக்குப் பிடித்தது வேட்டையைவிட அதன் பிறகு நடப்பதுதான். எதிரில் வந்த பாணர் கூட்டத்துக்குத் தான் யாரென்று காட்டிக்கொள்ளாமலே மானின் இறைச்சியும் தேனும் பொன்னும் அள்ளிக் கொடுக்கிறான். திருக்கோவலூர் மலையமான் திருமுடிக்காரியோடு நடந்த போரில் ஓரி வீழ்ந்தான். கொல்லி சேரர் கைக்குப் போனது. பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் இந்தக் கதையை ஏறும்போதே சொல்லிவிடுங்கள். மேலே போய் மலையைப் பார்க்கும்போது அவர்களே மற்றதை நினைத்துக்கொள்வார்கள்.

சாப்பாடு

தங்கும் இடத்தில் முதல் நாளே சொல்லி வைத்தால் சாமைச்சோறு ஆக்கித் தருவார்கள். அதற்குக் கொள்ளு ரசமோ அவரைக்காய்க் குழம்போ நாட்டுக்கோழிக் குழம்போ சேர்த்துக்கொள்ளலாம். கேழ்வரகுக் களியும் கீரையும் கிடைத்தால் விடாதீர்கள்.

கோயில் சாலைக் கடைகளில் முடவாட்டுக்கால் சூப் விற்கும். பாறையிலும் மரத்திலும் படரும் ஒரு பெரணியின் கிழங்கு அது. பழுப்பு நிற ரோமம் மூடி, பார்ப்பதற்கு ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். ரோமத்தோலைச் சுரண்டி, நறுக்கித் தட்டி, மிளகு, சீரகம், பூண்டோடு கொதிக்க வைக்கிறார்கள். மூட்டுவலிக்கு நல்லது என்பது ஊர் நம்பிக்கை. குளிர்ந்த காலையில் ஒரு டம்ளர் குடித்தால் தொண்டைக்கு இதமாக இருக்கும், அதற்காகவே குடிக்கலாம். கிழங்கை மூட்டையாக வாங்கி வர வேண்டாம். பாறையில் மெதுவாக வளர்கிற செடி அது. வருகிறவர்கள் எல்லோரும் கிலோ கிலோவாக அள்ளினால் தாங்காது.

வாங்கிவர வேண்டியவை

சாமையும் மிளகும் போதும். முடிந்தவரை காட்டுக்காரரிடமோ பெண்கள் குழுவிடமோ நேரே வாங்குங்கள். சாமை அரிசி வெள்ளை வெளேரென்று இருந்தால் நன்றாகத் தீட்டியது. லேசான பழுப்பாக இருந்தால் தவிடு ஒட்டியிருக்கிறது, அதுதான் சத்து. ஆனால் தவிட்டு எண்ணெய் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும், ஆகவே ஒன்றிரண்டு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கிக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மிளகு வாங்கும்போது ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதப்பது அதிகமாக இருந்தால் சொத்தையோ கலப்போ இருக்கும். விலையில் பேரம் பேசிப் பத்து ரூபாய் குறைக்கிற இடம் இது இல்லை. கீழே கடையில் கொடுப்பதை இங்கே கொடுத்தாலே அவர்களுக்குக் கூடுதல்தான்.

இறங்கும்போது

மூன்றாம் நாள் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு இறங்குங்கள். சொந்த வண்டியென்றால் கிளம்புமுன் பிரேக்கையும் டயரையும் பார்த்துவிடுங்கள். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும். நியூட்ரலில் விட்டு எரிபொருள் மிச்சம் பிடிக்க நினைக்கவே கூடாது. விடாமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். நடுவில் அகலமான இடம் பார்த்து ஒருமுறை நிறுத்தி வண்டியை ஆறவிடுங்கள். பேருந்தில் வந்தவர்கள் கடைசிப் பேருந்தை நம்பாமல் அதற்கு முந்தையதைப் பிடியுங்கள். நேரத்தைச் செம்மேடு பேருந்து நிலையத்தில் முதல் நாளே விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூட வந்து காட்டைக் காட்டியவரின் போன் எண்ணை அவர் சம்மதத்தோடு வாங்கி வாருங்கள். எடுத்த படங்களை அனுப்பவும், அடுத்த அறுப்பு எப்போது என்று கேட்கவும் உதவும்.